ஜெசிந்தா விழுங்கிய ஓட்டைக் காசு

மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். டிஸ்பென்சரி வாசலில் உட்கார்ந்து, வெந்நீரில் கொதித்த கண்ணாடி சிரிஞ்சுகளை இடுக்கியால் எடுத்துத் துணியில் பரப்பிக்கொண்டிருந்தேன். தொழிலாளர் லயத்துப் பாதையில் யாரோ சறுக்கிச் சறுக்கி ஓடிவரும் சத்தம். நிமிர்ந்து பார்த்தால் அந்தோணி. தோளில் மகள் ஜெசிந்தா, தலைகீழாக. அவளுடைய இரண்டு கால்களையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் முதுகில் தட்டிக்கொண்டே வருகிறார்.

"சிஸ்டர், பிள்ள காச முழுங்கிட்டா!"

பின்னாலேயே அவர் மனைவி ரோசம்மா. காய் எடுக்கும் காட்டிலிருந்து நேராக வந்திருக்கிறாள். விரலெல்லாம் ஏலச் செடியின் கறை. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"மொதல்ல புள்ளைய நேராப் புடிங்க. இப்படி உக்கார வைங்க" என்றேன்.

பெஞ்சில் உட்கார வைத்தோம். நாலு வயசுக்காரி. முகத்தில் ரத்தம் இறங்கிச் சிவந்திருந்ததே தவிர, மூச்சு சரியாக இருந்தது. இருமல் இல்லை, எச்சில் வழியவில்லை. ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள்.

"கண்ணு, காசு எங்க?"

வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "உள்ள போயிட்டு." குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எனக்கு உயிர் வந்தது. தொண்டையில் நிற்கவில்லை, இரைப்பைக்குப் போய்விட்டது. அந்தக் காலத்தில் இதற்கு எங்கள் வைத்தியம் வாழைப்பழமும் பொறுமையும்தான். எல்லாக் காசும் எப்படியும் ஒரு நாள் வெளியே வந்துவிடும். அதைச் சொன்னேன்.

அந்தோணி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வெளிய வரும்போது... கெட்டுப் போவாதுல்லா சிஸ்டர்?"

"கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

"பிள்ளய இல்ல. காச."

ரோசம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.  மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு பாதையில் ஏறிப் போய்விட்டாள். மருந்துக்கு நின்றிருந்தவர்கள் எல்லோருடைய காதிலும் அது விழுந்தது. மத்தியானத்துக்குள் லயம் முழுக்க ஒரே பேச்சு: பிள்ளை வயிற்றில் காசு, அப்பனுக்குக் காசுக் கவலை.

எலப்புள்ளியிலிருந்து ஏலக்காட்டுக்கு

போன வாரம் அட்டைக்கடியைப் பற்றி எழுதியதற்கு உப்பு, புகையிலை, சுண்ணாம்பு என்று பல வாசகர்கள் வைத்தியம் எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் சரிதான். ஆனால் அட்டைக்கு வைத்தியம் தெரிந்த மலையில், ஒரு காசுக்கு வைத்தியம் தெரியாமல் நான் திணறிய கதை இது. எழுபதுகளின் தொடக்கம். எந்த வருஷம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஏலக்காய்க்கு நல்ல விலை இருந்த வருஷம் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட் டிஸ்பென்சரியில் எனக்கு வேலை. நான் பிறந்தது எலப்புள்ளியில், நெல் விளைகிற வீட்டில். நர்ஸ் படிப்பு முடித்து இந்தக் குளிருக்கு வந்தபோது என் பேச்சைக் கேட்டு லயத்துப் பெண்கள் வாய்பொத்திச் சிரிப்பார்கள். "ஏனுங்க, வாங்க, குத்த வைங்க" என்று நான் உட்காரச் சொன்னால், அவர்கள் ஊர் வழக்கில் அதற்கு வேறு அர்த்தமாம். அந்தோணி குடும்பம் எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள். மாதா கோவில் வேதக்காரர்கள்.

அந்தோணிக்கு ஏலக்காய் ஸ்டோரில் வேலை. பச்சைக் காயைச் சூட்டறையில் பரப்பி உலர்த்தும் இடம் அது. விறகடுப்பின் சூட்டிலேயே இருந்து இருந்து, அவர் கிட்டே வந்தாலே ஏலக்காயும் புகையும் கலந்து மணக்கும். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே ஒரு கிறுக்கு உண்டு. அதுதான் அந்த டப்பா.

பிஸ்கட் டப்பாவுக்குள் பல நாடுகள்

அந்தோணியின் அண்ணன் கொச்சியில் கப்பல் வேலைக்குப் போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வந்தால், தம்பிக்கு ஒரு சட்டைத் துணியும், போன துறைமுகங்களில் மிஞ்சிய சில்லறையும் கொண்டு வருவார். அந்தச் சில்லறை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்ந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வந்தவர், சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

"சிஸ்டருக்கு இங்கிலீஷ் தெரியும்லா. இது எந்த ஊருன்னு பாத்துச் சொல்லுங்க."

HELVETIA என்று எழுதியிருந்தது. ஆங்கில எழுத்துதான். ஆனால் அப்படி ஒரு நாட்டை நான் கேள்விப்பட்டதில்லை. எஸ்டேட் பள்ளிக்கூடத்து அட்லஸை வாங்கி வந்து, பின்பக்கத்து அகரவரிசையில் தேடினேன். இல்லை. இரண்டு வாரம் அது என்னைத் தூங்கவிடவில்லை. கடைசியில், பூசைக்கு வந்த பங்குச் சாமியாரிடம் கேட்டேன். சிரித்தார். "அது சுவிட்சர்லாந்தோட லத்தீன் பேரும்மா. அங்க நாலு பாஷை. யார் பாஷையில எழுதினாலும் சண்டை வரும்னு செத்துப்போன பாஷையில எழுதிட்டாங்க."

அந்தப் பதிலைக் கேட்ட அந்தோணியின் முகத்தை நான் மறக்க மாட்டேன். ஒரு நாடே தன் கைக்கு வந்துவிட்ட மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றிலிருந்து எனக்கும் அந்தக் கிறுக்கு பிடித்துக்கொண்டது.

SUOMI என்றால் பின்லாந்து என்று கண்டுபிடிக்க ஒரு தபால்தலை உதவியது. விளிம்பு வளைந்து வளைந்து பூப்போல இருந்த காசை லயத்துக் கிழவர் ஒருவர் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார்: "இது சிலோன் ரெண்டு சதமுல்லா!" அவர் அங்கே தேயிலைக் காட்டில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டுத் திரும்பியவர்.

எழுத்தே புரியாத ஒன்றும் இருந்தது. மஞ்சள் நிறம், நடுவில் ஓட்டை, ஒரு பக்கம் கோடு கோடாகத் தண்ணீர், அதன்மேல் வளைந்து தொங்கும் கதிர். ஏலக்காடு தவிர வேறொன்றும் அறியாத அந்தோணி, அதைப் புல் என்று நினைத்திருந்தார். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"இது நெல்லுங்க. பால் புடிச்சு முத்தித் தல சாஞ்ச கதிரு. எங்க ஊட்டுல காலங்காலமாப் பாக்கறதுதானுங்க."

நெல் விளையும் ஊர், படம் மாதிரி எழுத்து. ஜப்பானாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினோம். பின்னாளில் அது சரிதான் என்று தெரிந்தது.

காசில் ஓட்டை என்றால் எனக்கு வேலந்தாவளம் மாட்டுச் சந்தைதான் நினைவுக்கு வரும். அப்பாவோடு போகும்போது, கன்றுகளின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் பழைய ஓட்டைக் காலணா தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். கண்ணேறு படாமலிருக்க. "ஓட்ட எதுக்குங்கப்பா?" என்று கேட்டதற்கு, "சண்டக் காலத்துல செம்புக்குத் தட்டுங்கண்ணு. நடுவால இருக்கறத நோண்டி எடுத்துப்போட்டான் வெள்ளக்காரன்" என்றார் அப்பா. அந்தப் பதிலை அப்போது விளையாட்டு என்று நினைத்தேன்.

வெள்ளைத் தங்கம்

டப்பாவில் எங்களால் அடையாளம் காண முடியாத ஒரே ரகம் சாம்பல் நிறத்து ஓட்டைக் காசு. இரண்டு இருந்தன, ஒரே அச்சு. வெள்ளியும் இல்லை, ஈயமும் இல்லை. மேலே வெள்ளையாகப் பொருக்குப் பூத்து எழுத்தெல்லாம் அழிந்திருந்தது. சாய்த்துப் பிடித்தால் கிரீடம் மாதிரி ஒன்று தெரியும். அவ்வளவுதான்.

தெரியாத பொருளுக்குத்தானே விலை ஏறும்? ஏலக்காய் ஏலத்துக்கு வந்த போடி வியாபாரி ஒருவரிடம் அந்தோணி அதைக் காட்டியிருக்கிறார். அவர் கையில் போட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது பிளாட்டினமா இருக்கும்யா. வெள்ளைத் தங்கம். ரெண்டையும் குடு, இருநூறு தாரேன்" என்றாராம். விளையாட்டாகச் சொன்னாரோ நிஜமாகவே நம்பினாரோ தெரியாது. அடுத்த சீசனுக்கு அவர் எங்கள் பக்கம் வரவேயில்லை. ஆனால் அந்த இருநூறு ரூபாய் லயத்தில் நானூறாகி, ஆயிரமாகி, ரோசம்மா குழாயடிக்குப் போனால் பெண்கள் வழிவிடுகிற அளவுக்கு வந்துவிட்டது.

ரோசம்மாவுக்கு அந்த டப்பாவைக் கண்டாலே ஆகாது. "ராத்திரி ஆனா பெஞ்சாதி முகத்தப் பாக்க மாட்டாவ. ராசா முகத்தப் பாத்துக்கிட்டு இருப்பாவ" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். என்னையும் சேர்த்துத்தான் குற்றம் சொல்கிறாள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

அந்தோணிக்கு நிஜமாகவே ஆசை விலையில் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன். விற்க வேண்டுமென்றால் அன்றே விற்றிருப்பார். "எந்த ஊருன்னு தெரியாம எப்படிக் குடுக்க?" என்பதுதான் அவர் கேள்வி. ஆனால் பிள்ளை காசை விழுங்கிய அன்று அவர் கேட்ட கேள்வியைக் கேட்டவர்கள் யாரும் இதை நம்பத் தயாராக இல்லை.

ஜெசிந்தா விழுங்கியது அந்த இரண்டில் ஒன்று.

என்ன லோகம்?

மறுநாளும் அதற்கு மறுநாளும் வாழைப்பழம் கொடுத்தார்கள். ரோசம்மா தினமும் மகளின் மலத்தைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தாள். காசு வரவில்லை. கணவனோடு பேச்சும் இல்லை. கஞ்சியைக் கொண்டுவந்து வைப்பாள், திரும்பிப் போவாள்.

பிறகு ஒரு காலையில் அவளே குழந்தையைத் தூக்கி வந்தாள்.

"சிஸ்டர், ராவெல்லாம் வயிறு வலிக்குன்னு அழுதா. பால் குடுத்தாக் கக்குதா. இங்க பாருங்க."

துணியில் பழுப்பாக ஒரு கறை. காப்பிப் பொடியைக் கரைத்துத் தெளித்தது போல. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது. வெறும் காசு அதுபாட்டுக்கு உள்ளே கிடந்தால் இப்படி ஆகக் கூடாது.

எங்கள் டாக்டர் கோட்டயத்துக்காரர். வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். மற்ற நாளில் எஸ்டேட் ஆபீஸ் போனில்தான் பிடிக்க வேண்டும். பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். இரைச்சலுக்கு நடுவே அவர் கேட்டார்:

"சிஸ்டரே, ஆ காசு எந்து லோகமாணு?"

எந்த லோகம்! நாங்கள் மாசக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வியாயிற்றே.

"அது எந்த நாடுன்னு யாருக்குமே தெரியலீங்க டாக்டர். சாமியாரக்கூடக் கேட்டுப் பாத்தோம்."

 டாக்டர் கத்தினார். "லோகமல்ல! லோஹம், லோஹம்! மெட்டல்! இரும்பா, செம்பா, என்ன மெட்டல்? வயித்து ஆசிட்ல கரையுற மெட்டலா இருந்தா ஒரு நாள் கூட உள்ள விடக்கூடாது. அது தெரிஞ்சா உடனே சொல்லு, நான் கீழ ஆசுபத்திரிக்குச் சொல்லி வைக்கறேன்."

ரிசீவரை வைத்தேன். எந்த நாடு, எந்த ராஜா, என்ன விலை என்று அந்தக் காசைப் பற்றி நாங்கள் கேட்காத கேள்வி இல்லை. எதனால் செய்தது என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

கண்ணாடிக் குவளை

டிஸ்பென்சரி அலமாரியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரு புட்டி இருந்தது. சீரணக் கோளாறுக்கான மிக்ஸ்சர் மருந்தில் சில சொட்டு சேர்ப்போம். நம் இரைப்பையில் சுரப்பதும் அதே ஆசிட்தான். ஆளனுப்பி அந்தோணியை வரச் சொன்னேன். டப்பாவோடு வந்தார்.

குவளையில் ஆசிட்டை ஊற்றி, முதலில் என் பையிலிருந்த பழைய ஒற்றைப் பைசாவைப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் பளபளப்பு ஏறியது, அவ்வளவுதான்.

"பாத்தீங்களா? இது செம்பு கலந்தது. ஒண்ணும் ஆகல. இப்ப உங்க காச இதுல போடோணுங்க."

அந்தோணி டப்பாவைத் திறந்து அந்த இன்னொரு சாம்பல் காசை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சிஸ்டர், இது கரைஞ்சிட்டா... அப்புறம் அது என்னதுன்னு கடைசிவரைக்கும் தெரியாமலே போயிருமே."

 மருந்துக் கட்டிலில் ரோசம்மாவின் மடியில் குழந்தை சுருண்டு படுத்திருந்தது. ரோசம்மா எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு மகளின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தத் தடவல் ஒரு கணம் நின்றது. காதைக் கொடுத்துக் கேட்கிறாள் என்று தெரிந்தது.

அந்தோணியும் அதைப் பார்த்திருக்க வேண்டும். காசை நான் வாங்குவதற்குள், அவரே குவளைக்குள் போட்டார்.

போட்டதும் அது மூழ்கி அடியில் உட்கார்ந்தது. அப்புறம் சோடா புட்டியைத் திறந்தது போல ஒரு சீறல். விளிம்பெல்லாம் குமிழி. நடு ஓட்டையிலிருந்து சரம் சரமாகக் குமிழிகள் மேலேறி வந்து வெடித்தன. தெளிந்திருந்த ஆசிட் கலங்கிச் சாம்பலாயிற்று. காசு குவளைக்குள் உயிருள்ளது போல நடுங்கியது.

நர்ஸ் பள்ளிக்கூடத்தில் இதே காட்சியைப் பார்த்திருக்கிறேன். துத்தநாகம். இரும்பு வாளிக்குத் துருப்பிடிக்காமல் பூசுகிற அதே துத்தநாகம்.

அந்தோணி குனிந்து பார்த்தார். 

"உள்ளயும் இப்படித்தான் நடக்குதா சிஸ்டர்?"

"ஆமாங்க."

அவர் குவளைக்குள் கையை விட்டுவிட்டார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தண்ணீரில் முக்கினேன்; காசு குவளையிலேயே கரைந்துகொண்டிருந்தது. கையை உதறிக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினார், ஜீப்பைக் கேட்க. நானும் பின்னாலேயே போய் டாக்டரைக் கூப்பிட்டு ஒரே வார்த்தை சொன்னேன்: "ஜிங்க்."

"உடனே இறக்கு" என்றார் அவர். "மிச்சக் காசையும் கொண்டு போகச் சொல்லு. வேற ஏதாவது முழுங்கியிருக்கான்னு எண்ணிப் பாக்கணும்."

மலையிறக்கம்

மலையடிவாரத்து மிஷன் ஆசுபத்திரிக்குப் போகிற பாதை முழுக்க வளைவுகள். முன் சீட்டில் நான், மடியில் டப்பா. பின்னால் ரோசம்மாவும் குழந்தையும். எதிரே அந்தோணி. ஒவ்வொரு வளைவிலும் டப்பாவுக்குள் காசுகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிந்தன. அந்தச் சத்தம் தாங்காமல் என் முந்தானையை உள்ளே திணித்துக்கொண்டேன்.

எக்ஸ்ரேயில் காசு தெரிந்தது. ஒரே காசுதான். ஆனால் அது வட்டமாக இல்லை. எலி கடித்த அப்பம் போல விளிம்பு அங்கங்கே அரிபட்டிருந்தது. சர்ஜன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தியேட்டர ரெடி பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார்.

கதவுக்கு வெளியே பெஞ்சில் அந்தோணி ஒரு கோடியில், ரோசம்மா மறு கோடியில். ரோசம்மா செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். அந்தோணியின் உதடுகளும் அதே செபத்தைத்தான் சொல்லின. அவளுக்குக் கேட்காத குரலில். அவள் ஒரு மணியை நகர்த்தும்போது அவரும் அடுத்ததற்குப் போவார். நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு இரண்டும் கேட்டது.

கதவு திறந்து சர்ஜன் வந்தார். "எடுத்தாச்சு. உள்ளே புண்ணாயிருக்கு. ஓட்டை விழல. நல்ல வேளை, இன்னும் விட்டிருந்தா விழுந்திருக்கும். பிழைச்சுக்குவா."

அந்தோணி எழுந்து ரோசம்மா பக்கம் ஒரு அடி வைத்தார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இதுக்கு அங்க என்ன கெடைக்கும்?

வார்டுக்குப் பொறுப்பாக ஒரு வெள்ளைக்கார மதர் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர். இங்கே வந்து பல வருஷம் ஆகியிருந்தது. புத்தகத்தில் படித்த மாதிரி திருத்தமாகத் தமிழ் பேசுவார். ஜெசிந்தா கண் விழித்துக் கஞ்சித் தண்ணீர் குடிக்க ஆரம்பித்த ஒரு மத்தியானம், தியேட்டரிலிருந்து வந்த காசைக் கழுவி ஒரு சின்னத் தட்டில் கொண்டுவந்தார். கறுத்துப் பாதியாய்த் தேய்ந்திருந்தது. ஆனால் அந்த ஆசிட்டே மேலிருந்த வெள்ளைப் பொருக்கைத் தின்றுவிட்டதால், நாங்கள் ஒருநாளும் பார்க்காத ஒன்றிரண்டு எழுத்துகள் தெளிந்திருந்தன.

அவர் சன்னல் பக்கம் போய், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எங்கே கிடைத்தது உங்களுக்கு?"

"எங்க அண்ணன் கப்பல்ல கொண்டாந்தது மதர். எந்த ஊருன்னு தெரியுமா?" அந்தோணி அவர் பின்னாலேயே சன்னலுக்குப் போயிருந்தார்.

"என் ஊர்" என்றார் மதர். "பெல்ஜியம். போர்க் காலத்துக் காசு. செம்பும் நிக்கலும் துப்பாக்கிக்குப் போய்விட்டன. எங்களுக்குத் துத்தநாகம் கொடுத்தார்கள்."

ஓட்டைக் காலணாவைப் பற்றி அப்பா சொன்னது விளையாட்டில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இப்ப என்ன வெல வரும் மதர்?"

"இன்றைக்கா? ஒன்றும் வராது. என் நாட்டுக் கடைக்காரன்கூடக் கையில் வாங்க மாட்டான்."

அந்தோணி தலையை ஆட்டினார். ஏமாற்றம் கொஞ்சமும் இல்லை. 'பெல்ஜியம்' என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு கூச்சத்தோடு டப்பாவைத் திறந்து மற்ற காசுகளைக் கட்டில் விரிப்பின்மேல் பரப்பினார். மதர் ஒவ்வொன்றாக எடுத்து நாட்டைச் சொன்னார். நாங்கள் தப்பாக வைத்திருந்த இரண்டைத் திருத்தினார்.

அப்போது கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து ரோசம்மா கேட்டாள்.

"இதுக்கு அங்க என்ன கெடைக்கும்?"

எல்லோரும் திரும்பினோம். அவள் விரல் ஒரு சின்ன வெள்ளைக் காசின்மேல் இருந்தது.

"அதற்கா?" மதர் யோசித்தார். "ஒரு கடிதத்துக்குத் தபால்தலை வாங்கலாம்."

"இதுக்கு?"

"இது டென்மார்க். நான் அங்கே போனதில்லை. ஒரு சின்ன ரொட்டி கிடைக்கலாம்."

"இந்தப் பெருசுக்கு?"

"ட்ராம் வண்டியில் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போகலாம்."

"பிள்ளைக்கும் சேத்தா?"

"இந்த வயசுப் பிள்ளைக்குக் காசு வேண்டாம்."

ரோசம்மா லேசாகச் சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் பல் தெரிந்தது. மாசக்கணக்காக நானும் அந்தோணியும் ராஜாவையும் கிரீடத்தையும் ஆராய்ந்துகொண்டிருந்தோம். இந்தக் காசோடு ஒரு பெண்பிள்ளை கடைக்குப் போனால் என்ன வாங்கி வருவாள் என்று எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கடைசியாகத் தட்டிலிருந்த அந்தக் கறுத்த காசைக் காட்டினாள். "அப்போ இதுக்கு? அந்தக் காலத்துல?"

மதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரொட்டி கிடைக்காது. ரொட்டிக்குப் பங்கீட்டுச் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் இந்தக் காசுக்குக் கிடைத்தது ஒன்றுதான். கோவிலில் ஒரு சிறிய மெழுகுதிரி. என் அண்ணனைத் தொழிற்சாலை வேலைக்கென்று வேறு நாட்டுக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் என் கையில் இப்படி ஒரு காசு கொடுப்பாள்."

"அண்ணன் வந்தாவளா?"

"வந்தான். அம்மாவுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு மெலிந்து வந்தான். ஆனால் வந்தான்."

ரோசம்மா தலை குனிந்து மகளின் கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டாள்.

அந்தோணி அந்தக் காசை எடுத்து மதரிடம் நீட்டினார். "நீங்களே வச்சுக்கிடுங்க மதர். ஒங்க ஊருக் காசு."

மதர் அவர் விரல்களை மெல்ல மடக்கிவிட்டார். "என் காசுகளை எல்லாம் நான் அப்போதே செலவு செய்துவிட்டேன். இது உங்கள் மகளுடையது."

மதர் போய்விட்டார். மூடிய கையோடு அந்தோணி உட்கார்ந்திருந்தார். ரோசம்மா கட்டிலைச் சுற்றி வந்து, அவர் கையைத் திறந்து, அந்தக் காசை எடுத்தாள். முந்தானை முனையில் வைத்து இரண்டு முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"காலையிலேருந்து ஒண்ணும் திங்காம இருக்கிய" என்றாள் கணவனிடம். "போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

அவர் எழுந்தார்.

"எனக்கும் சிஸ்டருக்கும் சேத்து வாங்கிட்டு வாங்க."